கோதுமை புகாத பந்தி



இலை போட்டாயிற்று. சோறும் குழம்பும் வந்துவிட்டன. இருமருங்கிலும் அமர்ந்திருப்போர் உண்ணத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்கு நடுவே ஒரு சிறுமி மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரிமாறுபவரை அண்ணாந்து நோக்கி, "மாமா, இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்கிறாள். அவர் நகைக்கிறார். "சோற்றில் ஏதம்மா கோதுமை? வயிறார உண்" என்கிறார். அவள் உண்டாள். குழம்பில் இட்ட பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருந்ததை அவரும் அறியார். அடுப்படியில் நின்றவரும் அறியார். அன்றிரவு அக்குழந்தை துடித்த துடிப்பை நான் அறிவேன். அவள் என் மகள் வயிற்றுப் பெயர்த்தி. நடந்தது இலண்டன் மாநகரில், 2023-ஆம் ஆண்டில், தமிழர் திருமணப் பந்தி ஒன்றில்!

மறுநாள் அச்சமையற்கூடத்திற்குச் சென்று பெருங்காயப் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மா என்பது அந்நாட்டுச் சட்டப்படி தடித்த எழுத்தில் அதன் புறத்தே அச்சிடப்பட்டிருந்தது. படித்துப் பார்ப்பாரில்லை, அவ்வளவே.

அவளுக்கு வந்துள்ள நோயை மேலை மருத்துவர் 'சீலியாக்கு' என்பர். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. நோய்க்குக் கரணியமான பொருளை அவர்கள் 'குளூட்டன்' என்று வழங்குகின்றனர். இலத்தீன மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்பதே பொருளாகலின், நம்மவர் அதனைப் பசையம் என்று சொல்வது முற்றும் பொருந்தும். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதன்றோ? புரோட்டா வீசுகின்றவர் கையில் அம்மா துணிபோல் விரிகிறதன்றோ? அவ்விழுவையைத் தரும் புரதமே பசையம். கோதுமையிலும், வாற்கோதுமையிலும், 'ரை' என்னும் குளிர்நாட்டுக் கூலத்திலும் அஃது உண்டு. நெல், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, உளுந்து ஆகியவற்றில் அவர்க்கு ஊறு செய்யும் பசையம் இல்லை. (கோதுமை என்னும் சொல்லும் நமக்கு வடக்கிருந்து வந்ததே. கூலமும் வந்தது, பெயரும் உடன் வந்தது.)

இஃது ஒவ்வாமை அன்று என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, பசையம் உட்புகுந்தவுடன் திசைமாறித் தன் சிறுகுடலைத் தானே தாக்குகின்றது. உணவின் ஊட்டத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்புறத்தில் பஞ்சுத்துய் போல் நின்றிருக்கும் நுண்விரல்கள் மழுங்கித் தட்டையாகின்றன. பிள்ளை உண்ணும், உடலில் ஒட்டாது. வயிறு ஊதும், கைகால் மெலியும், வளர்ச்சி நிற்கும். இதற்கு மருந்து இன்றுவரை இல்லை. பசையத்தை வாழ்நாள் முழுமையும் அறவே விலக்குவது ஒன்றே வழி. விலக்கினால் பெரும்பாலார்க்குக் குடல் மெல்லமெல்லத் தேறிவிடும். பிரித்தானியாவில் நூற்றுவருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவருள் பெரும்பாலோர் தமக்கு இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர். நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோருள் பத்தில் ஒருவர்க்கும் இருக்கக்கூடும் என்பதால் என் மகளும் மருமகனும் குருதி ஆய்வு செய்துகொண்டனர். மருமகனுக்கு இருப்பது தெரியவந்தது! அவர் ஒருநாளும் வயிற்றுவலி என்று படுத்ததில்லை. குருதியில் இரும்பு குறைவு என்று பல்லாண்டுகளாக மாத்திரை விழுங்கி வந்தார், அதுதான் அடையாளம். ஐயம் எழுந்தவுடன் கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிட்டு ஆய்வுக்குச் செல்வாரும் உளர். அது தவறு. உண்டுகொண்டிருக்கும்போதுதான் ஆய்வு உண்மையைக் காட்டும்.

இந்நோயின் வரலாற்றிலும் இலண்டனுக்குப் பங்குண்டு. அந்நகரின் கிரேட்டு ஓர்மண்டு தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் 1887-ஆம் ஆண்டு அத்தோபரில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர் ஆற்றிய உரையே, இக்கால மருத்துவத்தில் இதனைத் தெளிவுற எடுத்துரைத்த முதல் உரையாகக் கருதப்படுகின்றது. இதற்குத் தீர்வு உண்டாயின் அஃது உணவில்தான் உண்டு என்று அவர் உறுதிபடக் கூறினார். எவ்வளவு கூரிய அறிவு! ஆனால் எந்த உணவு என்பதில் அவர் இடறிவிட்டார். அரிசி ஆகாது என்றார். மெல்லியதாக அரிந்து இருபுறமும் வாட்டிய வெதுப்பியைக் கொடுக்கலாம் என்றார்! வெதுப்பி என்றது ஈழத்தார் பாண் என்று வழங்கும் கோதுமை உணவை. நஞ்சைக் கையில் கொடுத்து மருந்தைப் பிடுங்கிக்கொண்டது போலாயிற்று. அவரைக் குறைகூற நான் முற்படவில்லை. அவருடைய நோயாளிக் குழந்தை ஒன்று நாள்தோறும் ஒல்லாந்து நாட்டுக் கடற்சிப்பிகளை உண்டு நன்கு தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் அவரே மறையாமல் எழுதிவைத்திருக்கிறார்.

உண்மை வெளிப்பட அதன்பின் அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் திக்கே 1930-களிலேயே கோதுமையின் மேல் ஐயங்கொண்டிருந்தார். 1944-45-ஆம் ஆண்டுக் கூதிர்காலத்தில் செருமானியப் படையின் முற்றுகையால் அந்நாட்டு மக்கள் பூங்கிழங்கைத் தின்று உயிர்பிழைக்கும் நிலை வந்தது. வெதுப்பி கிடைக்காத அப்பஞ்சத்தில், ஏனையோர் வாடி வதங்க, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். கோதுமை திரும்ப வந்ததும் மீண்டும் நோயுற்றனர். அவருடைய ஆய்வேடு 1950-இல் வெளிவந்தது.

மாநகர் வாழ்க்கைக்கு வருவோம். என் பெயர்த்திக்கு 2022-இல் நோய் உறுதியானபோது அவளுக்கு அகவை ஏழு. மகள் தொலைபேசியில் அழுதாள். "இனி இவள் எங்கே போய் என்ன உண்பாள், அப்பா?" என்பதே அவள் கேள்வி. இலண்டனில் சில திங்கள் தங்கிக் கண்ணால் கண்டபின் சொல்கிறேன்: உண்பதற்கு அந்நகரில் குறைவில்லை. பெரிய கடைகளில் இதற்கென்றே தனி அடுக்கு வைத்திருக்கின்றனர். 1 கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால் பசையமற்றது என்று அதன்மேல் எழுதல் ஆகாது. 2014 திசம்பர் முதல், தெருவோரக் கடையாயினும் விண்மீன் விடுதியாயினும், தாம் விற்கும் ஒவ்வோர் உணவிலும் குறித்த 14 ஒவ்வாப் பொருள்களுள் எவை உள்ளன என்பதைக் கேட்பார்க்குச் சொல்லக் கடைக்காரர் கடமைப்பட்டுள்ளனர். பசையமுள்ள கூலங்கள் அப்பட்டியலில் உண்டு. சில மீன்வறுவற் கடைகள் கிழமையில் ஒருநாளை ஒதுக்கி, புது எண்ணெயில், அரிசி மாவிலோ சோள மாவிலோ தோய்த்து வறுத்துத் தருகின்றன. அந்நாளில் அக்கடை வாயிலில் நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும்! முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நோக்கி, "உங்களுக்குமா?" என்று புன்னகைப்பார்கள். என் பெயர்த்திக்கு அவ்வரிசையில் நிற்பதே ஒரு விளையாட்டு.

இவையெல்லாம் தாமாக வந்தவை அல்ல. இந்நோயாளருக்காக அந்நாட்டில் 1968-இல் ஒரு கழகம் தோன்றியது. அதனைத் தொடங்கியவருள் ஒருவர் யாரென்று நினைக்கிறீர்கள்? கருத்துக்காகச் சிறைப்பட்டோர்க்கெனப் பன்னாட்டுப் பொதுமன்னிப்பு அவையை 1961-இல் நிறுவிய பீட்டர் பெனன்சன்! சிறைக்கூடத்துக் கைதிக்காக எழுந்த குரலும், உணவுத்தட்டின் முன் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்காக எழுந்த குரலும் ஒருவருடையவே. அக்கழகம் இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏற்புடைய உணவுகளின் பட்டியலை வெளியிடுகிறது. உணவகங்களை ஆய்ந்து ஒப்பம் தருகிறது. எனினும் எல்லாம் நிறைவு என்று சொல்லிவிட முடியாது. பசையமற்ற வெதுப்பியின் விலை மற்றதைப்போல் சில மடங்கு. முன்பு மருத்துவர் சீட்டின்பேரில் பலவகை உணவும் கிடைத்தன. 2018 முதல் இங்கிலாந்தில் வெதுப்பியும் மாக்கலவையும் மட்டுமே என்று குறைத்துவிட்டனர். சில வட்டாரங்களில் அவையும் இல்லை. பொருளுடையவர் தாங்குவர். ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

வேறொரு கூட்டத்தாரும் உளர். நோய் ஏதுமின்றி, மெலிய வேண்டுமென்றோ, அண்டை வீட்டார் செய்கிறார் என்றோ கோதுமையை விலக்குகின்றவர்கள். அவர்களால் கடைகளில் அடுக்கு நீண்டது, நன்மைதான். ஆனால் அவர்களால் அச்சொல்லின் எடையும் குறைந்தது. உணவகத்தில் பணிசெய்யும் இளைஞர், "நோயா, விருப்பமா?" என்று கேட்கிறார். விருப்பம் என்றால் ஒரே கரண்டி. நோய் என்றால் வேறு கரண்டி. எட்டு அகவைக் குழந்தை நிமிர்ந்து நின்று, "நோய்" என்று அயலார் முன் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உணவைவிட உடன் உண்ணலே அரியது என்பதை அங்குத்தான் உணர்ந்தேன். ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் 'கம்பேனியன்' என்னும் சொல்லுக்கு, அதன் இலத்தீன வேர்ப்படி, வெதுப்பியைப் பகிர்ந்துண்பவன் என்று பொருள். கோதுமையே தோழமைக்கு அடையாளமான குமுகத்தில் அதனை உண்ண முடியாதவர் நிலை என்ன? கத்தோலிக்கரின் திருவிருந்து அப்பத்தில் சிறிதளவேனும் கோதுமைப் பசையம் இருந்தே தீர வேண்டும் என்று வத்திக்கான் 2017-இலும் மீண்டும் வலியுறுத்தியது. மிகக் குறைந்த பசையமுள்ள அப்பத்திற்கு மட்டும் இசைவு உண்டு. பிறந்தநாள் விழாவில் எல்லாக் குழந்தைகளும் இனிப்பப்பத்தை வெட்டி உண்ண, ஒரு குழந்தை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிமிழைத் திறக்கும் காட்சியை நான் இருமுறை கண்டேன். மூன்றாம் முறை காண எனக்கு நெஞ்சுரம் இல்லை.

"நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? நம் உணவோ அரிசி உணவு. இட்டலியும் தோசையும் இருக்க நமக்கென்ன குறை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அவ்வாறே செருக்கோடுதான் சென்றேன். முதற்கிழமையே பெயர்த்தியை அழைத்துக்கொண்டு, தமிழ்க்கடைகள் நிறைந்த ஈசுட்டு ஆம் பகுதிக்குப் புறப்பட்டேன். கடையில் நுழைந்தவுடன், "ஐயா, தோசையில் கோதுமை உண்டோ?" என்று வினவினேன். கடைக்காரர் ஈழத்தவர், அன்பானவர். "ஒன்றும் இல்லை ஐயா, எல்லாம் உளுந்துதான்" என்றார். அருகில் நின்ற என் மருமகனின் தாயார், யாழ்ப்பாணத்தவர், என் கையைப் பற்றி நிறுத்திவிட்டார். "தம்பி, மாவுக்குள் கோதுமை மா போட்டனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். போட்டிருந்தார்! யாழ்ப்பாணத்துத் தோசையில் உளுந்தோடு கோதுமை மாவைச் சேர்த்துப் புளிக்க வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. புட்டிலும் இடியப்பத்திலும் அவித்த கோதுமை மாவைக் கலப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. கோதுமை மா அவர்க்கு வெறும் 'மா' ஆகிவிட்டது. தனிப்பெயர் சொல்லி நினைக்க வேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1956-இல் அமெரிக்காவோடு இந்தியா செய்துகொண்ட உடன்பாட்டின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. பஞ்சம் தீர வந்தது. பஞ்சம் போனபின்னும் தங்கிவிட்டது. இரவைத் தோசை, சேமியா, மைதாப் புரோட்டா, பூரி இவையின்றி இன்று எந்த உணவுக்கடை இருக்கிறது? புரோட்டா புரட்டிய கல்லிலேயே தோசையை வார்க்கிறோம். பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையை இடுகிறோம். அரிசித் தோசைதான், ஆனால் அக்குழந்தைக்கு அது நஞ்சு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் ஆயிரவருக்கு எண்மர் என்னுமளவில் இருக்கும் இந்நோய், தெற்கே பத்தாயிரவருக்கு ஒருவர் என்னுமளவிலேயே இருந்தது. நோய்க்கு இடந்தரும் மரபணு தெற்கே குறைவென்று எண்ணற்க! அஃது இருபுறமும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. வேறுபட்டது கோதுமையின் அளவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு நானூறு கிராமுக்கு மேல் உண்ண, தெற்கே அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆக, இதுவரை நம்மைக் காத்தது நம் உடல் அன்று, நம் சோறு! இலண்டனில் பிறந்த தமிழ்க்குழந்தை காலையிலும் பள்ளியிலும் கோதுமையே உண்டு வளர்கிறது. சென்னையில் பிறக்கும் குழந்தையும் அவ்வழியே சென்றுகொண்டிருக்கிறது.

அம்மாநகரில் நான் கண்ட மிகப்பெரிய மகிழ்ச்சி ஓர் உணவகத்தில் இல்லை. திங்கள்தோறும் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், இந்நோயுடைய சில குடும்பத்தார் ஒரு பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுகின்றனர். பெயரோ பலகையோ தலைவரோ இல்லாத கூட்டம். ஒரே ஒரு கட்டளைதான்: கோதுமை வாயிலைக் கடக்கலாகாது. மருமகனின் தாயார் ஒடியற்கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தார். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் மீனும் நண்டும் பலாக்கொட்டையும் புளியும் சேர்த்த அக்கூழின் மணம் கூடம் முழுதும் பரவிற்று. குரக்கன் புட்டும் இருந்தது. நாம் கேழ்வரகு என்பதை அவர்கள் குரக்கன் என்பர். பஞ்சாபிலிருந்து குடியேறிய அம்மையார் ஒருவர் மக்காச்சோள ரொட்டியும் கீரையும் கொண்டுவந்தார். அவர் வீட்டில் மூவருக்கு இந்நோய். பிரேசில் நாட்டு இளைஞர் மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட உருண்டைகளைக் கொட்டினார். அயர்லாந்துக் கிழவர் ஒருவர், கையால் ஒன்றும் செய்யத் தெரியாதென்று சொல்லி, அவித்த உருளைக்கிழங்கை வெண்ணெயோடு ஒரு பெரிய ஏனத்தில் வைத்தார். ஒடியற்கூழை முதலில் ஐயத்தோடு நோக்கியவரும் அவரே. மூன்றாம் முறை வாங்கிக் குடித்தவரும் அவரே.

என் பெயர்த்தி தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். பழக்கத்தால் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். மறுமுனை வரை ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்தாள். எவரையும் ஒன்றும் கேட்கவில்லை. நோய் தெரிந்த நாள்முதல், வீட்டிற்கு வெளியே அவள் வினவாமல் உண்டது அன்றுதான் முதன்முறை என்று மகள் என் காதில் சொன்னாள்.

இக்கட்டுரையை எழுத வைத்ததும் அக்காட்சியே. கோயில் ஊட்டுப்புரைகள், தமிழ்ப்பள்ளி விழாக்கள், திருமணக்கூடங்கள் ஆகிய மூன்று இடத்தும் ஒரு தனிக்கல், ஒரு தனி அகப்பை, ஒரு தனி எண்ணெய்ச்சட்டி, கோதுமை கலவாத பெருங்காயம் (அரிசி மாவில் செய்தது கடைகளிலேயே கிடைக்கிறது) இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது. செலவு எவ்வளவு? பெருமளவு அன்று. பரிமாறுபவருக்குக் கால்மணி நேரம் விளக்கிச் சொன்னால் போதும். "இதில் இல்லை" என்று சொல்லும்முன், தெரியாவிடில் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். பந்தியில் இதைக் கேட்கின்ற பிள்ளையைக் கண்டு நகைப்பதை நாம் அறவே விட வேண்டும்.

ஈசுட்டு ஆம் கடைக்காரரிடம் இரண்டாம் முறை சென்றபோது இவற்றை விரித்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். தம் அண்ணன் மகளும் அப்படித்தான் மெலிந்துகொண்டே போகிறாள், மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன் என்றார். நான் ஊர் திரும்புவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவர் தொலைபேசியில் அழைத்தார். புதுக்கல் ஒன்று வாங்கிவிட்டதாகவும், அரிசியும் உளுந்தும் மட்டும் அரைத்த மாவைத் தனி ஏனத்தில் வைத்திருப்பதாகவும், வாயிற்பலகையில் தமிழில் என்ன எழுதுவது என்றும் கேட்டார். "பசையமற்ற தோசை" என்று எழுதச் சொன்னேன். அவ்வாரச் செவ்வாய்க்கிழமை மாலை நாங்கள் சென்றபோது பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பெயர்த்தி எழுத்துக்கூட்டி அதை உரக்கப் படித்தாள். பிறகு கடைக்காரரை நோக்கி, "எனக்கு இரண்டு, மாமா" என்றாள்.